உப்பு போட்டா வைரஸ் சாகுமா?

போன மாசம் எங்க ஹாஸ்டல் டிவி ரூம்ல மறுபடியும் 'தசாவதாரம்' ஓடுச்சு. எத்தனையாவது தடவைன்னு யாருக்கும் கணக்கில்லை. கிளைமாக்ஸ் வந்ததும் வழக்கமான சண்டை ஆரம்பம். மெக்கானிக்கல் பையன் ஒருத்தன், "உப்புத் தண்ணில எப்படிடா வைரஸ் சாகும்? லாஜிக்கே இல்லை"ன்னான். "சினிமால லாஜிக் பார்க்காதடா"ன்னு ஒருத்தன். "அது லாஜிக் இல்லடா, பெருமாள் செயல்"னு இன்னொருத்தன். "பெருமாளும் இல்ல, கேயாஸ் தியரி"ன்னு ஐடி பையன். பத்து நிமிஷத்துல பேச்சு கடவுள் இருக்காரா இல்லையாங்கிற இடத்துக்குப் போயிடுச்சு. ராத்திரி ஒரு மணிக்கு வார்டன் வந்து லைட்டை அணைச்சதும்தான் கடவுளுக்கும் விடுதலை.

நான் மட்டும் எதுவும் பேசலை. அந்த உப்பைப் பார்த்தாலே எனக்கு எங்க சித்தப்பா ஞாபகம் வரும். அந்தக் கதைக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணை ஒத்துக்கிறேன்: சினிமாவில் தப்பான அறிவியல் வருவதில் எனக்குப் பெரிய பிரச்சனை கிடையாது. ஹீரோ ஒரு குத்து விட்டா வில்லன் இருபது அடி தள்ளிப் போய் விழுறான். நியூட்டன் பாவம், நாம கைதட்டுறோம். அதைப் பார்த்து யாரும் ரோட்டில் இறங்கி லாரியைக் குத்துறதில்லை. ஆனா பேரிடர் படம் வேற ஜாதி. அது உண்மையில் நடந்த, நாளைக்கே நம்ம ஊரில் நடக்கக்கூடிய ஒண்ணைப் பத்திப் பேசுது. போதாததுக்கு விஞ்ஞானி வேஷத்தில் வந்து பேசுது.

'தசாவதாரம்' கதை எல்லாருக்கும் தெரியும். 2008 ஜூன் 13 அன்னைக்கு ரிலீஸ். கே.எஸ்.ரவிக்குமார் இயக்கம், கமலுக்குப் பத்து வேஷம். 12-ஆம் நூற்றாண்டில் ரங்கராஜ நம்பியையும் கோவிந்தராஜப் பெருமாள் சிலையையும் சேர்த்துக் கட்டி நடுக்கடலில் போடுறாங்க. அப்புறம் நேரா 2004. அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் உருவான ஒரு செயற்கை வைரஸ் அந்தப் பெருமாளோட சிலைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு தமிழ்நாடெல்லாம் சுத்துது. அதைக் கொல்ல உப்பு வேணும், அதுவும் டன் கணக்கில். டிசம்பர் 26 காலையில் வைரஸ் வெளியே வருது, அதே நேரம் பார்த்துக் கடலும் ஊருக்குள்ள வருது. உப்புத் தண்ணி, வைரஸ் காலி, உலகம் தப்பிச்சது.

நிஜக் கடல் எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு மில்லிலிட்டர் கடல் தண்ணியில் ஏறக்குறைய ஒரு கோடி வைரஸ் இருக்கும். மெரினாவில் கால் நனைக்கும்போது வாயில் ஒரு ஸ்பூன் தண்ணி தெறிச்சா அதுல அஞ்சு கோடி. பெரும்பாலும் பாக்டீரியாவைத் தாக்குற வகைங்கிறதால நமக்கு ஒண்ணும் ஆகறதில்லை. லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருந்தும் அதுங்க அங்கே சௌக்கியமா குடும்பம் நடத்துது.

இதை டைரக்டருக்கோ கமலுக்கோ எடுத்துச் சொல்ல ஒரு ஆள் கிடைக்காமலா போயிருக்கும்? அறிவியல் தெரியாததால் அந்த உப்பு வந்ததுன்னு நான் நினைக்கலை. கதைக்கு அது கட்டாயம் தேவைப்பட்டுது. ஏன்னா அந்தப் படம் ரெண்டு பேருக்கும் நல்ல பிள்ளையா இருக்கணும். கோவிந்த் கதாபாத்திரம் பகுத்தறிவு பேசும், ஆண்டாள் பக்தி பேசுவாள். மணல் கொள்ளையை எதிர்க்கும் பூவராகன், நல்ல மனசுள்ள இஸ்லாமியக் குடும்பம்னு முற்போக்கா நிறைய இருக்கு. இன்னொரு பக்கம் பெருமாள் 800 வருஷம் கழிச்சுக் கரை ஒதுங்குறார். தியேட்டரை விட்டு வெளியே வரும்போது பக்தர் 'பெருமாள் காப்பாத்திட்டார்'னு போகணும், நாத்திகர் 'அறிவியல்தான் காரணம்'னு போகணும். ரெண்டு பேரும் ஒரே படத்துக்கு டிக்கெட் எடுத்தவங்க. அந்த ரெண்டையும் இணைக்கிற கோந்துதான் உப்பு. உப்பை எடுத்துட்டா சுனாமி வெறும் சுனாமியா நிக்கும். அதுக்கு ஒரு நோக்கம் இருக்காது.

சுனாமிக்கு நோக்கம் கொடுக்கிறதுதான் எனக்கு வயித்தைக் கலக்குது. நான் பிறந்தது 2004 நவம்பர், அந்த ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரு மாசம். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் செத்தாங்க. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். பெரும்பாலும் மீனவக் குடும்பங்கள், அதிலும் குழந்தைகள் நிறைய. மூணரை வருஷம் கழிச்சு ஒரு படம் வந்து, அந்த அலை வராம இருந்திருந்தா இன்னும் லட்சக்கணக்கில் செத்திருப்பாங்கன்னு கணக்குக் காட்டுது. 'இத்தனை பேரைக் கொன்னுதான் கடவுள் காப்பாத்தணுமா'ன்னு கோவிந்த் கேட்கிறார், இல்லேன்னு சொல்லலை. ஆனா கேள்வி கேட்ட கையோடு, கடவுள் இல்லைன்னும் சொல்லாம இருக்கார்னும் சொல்லாம ஒரு வசனத்தைப் போட்டு நழுவிடுறார். அந்த வசனத்துக்கு இன்னைக்கும் எங்க டிவி ரூம்ல விசில் பறக்குது.

இந்த இடத்துல கேயாஸ் தியரி பையனுக்கும் ஒரு வார்த்தை. எட்வர்ட் லாரன்ஸ் 1961-ல் கம்ப்யூட்டரில் வானிலைக் கணக்கு ஓட்டினார். 0.506127-ன்னு போட வேண்டிய எண்ணை 0.506-ன்னு சுருக்கிப் போட்டதும் மொத்த வானிலையும் வேற மாதிரி போயிடுச்சு. பட்டாம்பூச்சி விளைவுங்கிற பேரு அப்புறம் வந்தது. அவர் சொன்னது என்ன? சின்ன மாற்றம் எங்கே கொண்டுபோய் விடும்னு யாராலயும் சொல்ல முடியாது. படம் அதை அப்படியே தலைகீழாக்கி, 'அன்னைக்குச் சிலையைக் கடல்ல போட்டாங்க, அதனாலதான் இன்னைக்கு இது'ன்னு புள்ளி புள்ளியா இணைக்குது. அது லாரன்ஸ் இல்லை, எங்க அப்பத்தா சொல்ற விதி. விதியைச் சொல்லணும்னா விதின்னே சொல்லலாம், எங்க அப்பத்தா அப்படித்தான் சொல்லும். (லாரன்ஸ் இறந்தது 2008 ஏப்ரலில், படம் வர ரெண்டு மாசம் முன்னாடி. தப்பிச்சார்.)

இப்போ சித்தப்பா. எங்க ஊர் நெய்க்காரப்பட்டி, பழனிக்குப் பக்கம். ஊரைச் சுத்திக் கரும்பு. சித்தப்பாவுக்கு வெல்லம் காய்ச்சுற ஆலைக்கொட்டாய் இருக்கு. கரும்புச் சக்கையை அள்ளிப்போட்டு அடுப்பெரிச்சு, கொப்பரையில் பாகு கொதிக்கும்போது பதம் பார்க்க அவரை விட்டா ஆள் கிடையாது. 2021 மே, ரெண்டாவது அலை. அவருக்குக் காய்ச்சல், இருமல்.

எங்க தாத்தா கறுப்புச் சட்டைக்காரர். கல்யாணத்துல கூட ஐயரைக் கூப்பிடாத ஆள். அப்பத்தா மாசாமாசம் கார்த்திகைக்குப் பழனி மலை ஏறுற ஆள். அம்பது வருஷமா ரெண்டு பேரும் ஒரு விஷயத்துலயும் ஒத்துப்போனதில்லை. அந்த வாரம் ஒத்துப்போனாங்க. உப்புத் தண்ணி.

"கமலே படத்துல சொல்லியிருக்காருடா. அவரு நம்ம ஆளு, சாமியார் பேச்செல்லாம் பேச மாட்டாரு. விஷயம் இல்லாம சொல்வாரா?" இது தாத்தா.

"கடல் தண்ணியிலதானே சாமி அந்தப் பெருமாளு காப்பாத்துனாரு. உப்புக்கு அந்தச் சத்தி உண்டு கண்ணு." இது அப்பத்தா.

வேளைக்கு வேளை சுடுதண்ணியில் கல்லுப்பு. கொப்புளிக்க ஒரு சொம்பு, குடிக்க ஒரு டம்ளர். தொண்டை வலிக்கு உப்புத் தண்ணி கொப்புளிச்சா இதமா இருக்கும், அது உண்மைதான். அந்த இதத்தை எல்லாரும் குணம்னு நினைச்சுட்டோம். வீடு வீடா காய்ச்சல் கணக்கெடுக்க வந்தவங்ககிட்ட "சளிதாங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஆறாவது நாள் விரலில் மாட்டிப் பார்த்தா ஆக்சிஜன் 86. அப்புறம் ஆஸ்பத்திரி, ஒன்பது நாள் ஆக்சிஜன். பிழைச்சு வந்துட்டார். ஆனா அடுப்புப் புகை ஒத்துக்கலை, இப்போ கொப்பரைப் பக்கம் நின்னா அஞ்சு நிமிஷத்துல இருமல். பதம் பார்க்கச் சம்பளத்துக்கு ஆள் வெச்சிருக்கார், அந்த ஆள் பார்க்கிற பதத்தைக் குறை சொல்லிக்கிட்டே இருக்கார்.

ஒண்ணு பாக்கி இருக்கு. அந்த உப்புக் காட்சி வீடியோவை எங்க ஃபேமிலி குரூப்ல போட்டது நான்தான். சிரிக்கிற எமோஜி ரெண்டு போட்டு. பத்தாவது ஆல் பாஸ் ஆகி, பதினொண்ணாவது பயாலஜி குரூப் ஆன்லைனில் படிச்சுட்டிருந்த இங்கிலீஷ் மீடியம் பையன். எனக்கு அது காமெடி. எமோஜியை அங்கே யாரும் படிக்கலை.

அந்தச் சமயம் ஃபார்வர்டில் சுத்திய இன்னொரு படம் 'ஏழாம் அறிவு'. 2011 தீபாவளிக்கு வந்தது. சீனாவிலிருந்து நோய், போதிதர்மர், மரபணு எல்லாம் இருந்ததால் 'அன்றே சொன்னார் முருகதாஸ்'. இதுலயும் அதே கலவைதான். பழம்பெருமை வேணும், அதே சமயம் லேபும் வேணும். அதனால போதிதர்மரோட வாரிசைக் கண்டுபிடிச்சு டிஎன்ஏவைத் தட்டி எழுப்புறாங்க. கொஞ்சம் கணக்குப் போடுவோம். 1,500 வருஷம்னா தலைமுறைக்கு 25 வருஷம் வீதம் 60 தலைமுறை. ஒவ்வொரு தலைமுறைக்கும் முன்னோர் எண்ணிக்கை இரட்டிக்கும். 2-ஐ 60 தடவை பெருக்கினா 1-க்குப் பின்னாடி 18 சைபர் வருது. அன்னைக்கு உலகத்துல இருந்ததே ஏறக்குறைய இருபது கோடி ஜனம்தான். அதாவது அதே ஆட்கள்தான் நம்ம வம்ச மரத்தில் திரும்பத் திரும்ப வர்றாங்க. போதிதர்மருக்கு இன்னைக்கு ஒரு வாரிசு இருந்தா கோடிக்கணக்கில் வாரிசு இருக்க வாய்ப்பு உண்டு, அவங்கள்ல யார்கிட்டயும் அவரோட டிஎன்ஏ சொல்லிக்கிற அளவுக்கு மிஞ்சியிருக்காது. 'எங்க பரம்பரை ரத்தம்'னு பேசுறவங்களுக்கு இந்தக் கணக்கு பிடிக்காது. படத்துக்கும் பிடிக்காதுங்கிறதால போடலை.

'2.0' விஷயத்துக்கு வந்தா, நான் இசிஇ. அதனால கொஞ்சம் கோபமும் கூட வரும், மன்னிச்சுக்கோங்க. மொபைல் டவர் கதிர்வீச்சு பறவைகளைக் கொல்லுதுன்னு பக்ஷிராஜன் டவரிலேயே தூக்கு மாட்டிக்கிறார், அப்புறம் ஆராவாகத் திரும்பி வர்றார். மொபைல் அலையோட ஃபோட்டான் ஒண்ணுக்கு இருக்கிற ஆற்றல், ஒரு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கத் தேவையானதை விடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் குறைவு. சூடு பண்ணலாம், அதுக்கும் வரம்பு உண்டு. நம்ம நாட்டில் 2012 செப்டம்பரிலிருந்து சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் அனுமதி. சிட்டுக்குருவி குறைஞ்சதுக்கு ஓட்டு வீடும் கூரை வீடும் போய் கூடு கட்ட இடமில்லாததும், குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி இல்லாததும் பெரிய காரணங்கள். பூச்சி ஏன் இல்லைன்னு எங்க ஊர்ல மருந்தடிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. ஆனா பூச்சிமருந்தைத் திட்டினா விவசாயிக்குக் கோபம் வரும், வீட்டைத் திட்டினா நமக்கே கோபம் வரும். போனைத் திட்டினா எல்லாரும் 'ஆமா ஆமா'ன்னு போனில் ஸ்டேட்டஸ் போடுவோம்.

அதுவும் முழுசாத் திட்டலை. இயற்கையைக் காப்பாத்துன்னு சொல்ற ஒரே ஆளை வில்லனாக்கி, ரோபோவை விட்டு அடிச்சு, கடைசியில் 'அவர் சொன்னதும் சரிதான்'னு ஒரு சீன். சுற்றுச்சூழல்காரருக்குப் பாதி, டெக்னாலஜி ரசிகருக்குப் பாதி, ஆவி நம்புறவங்களுக்கு ஆரா. அந்தப் படம் வந்தது 2018 நவம்பர் 29. அதுக்கு 13 நாள் முன்னாடி, நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்துச்சு. எங்க மாவட்டம் வரைக்கும் வந்து, கொடைக்கானல் ரோட்டில் மரம் சாய்ச்சுட்டுப் போச்சு. புயல் எங்கே, எப்போன்னு எங்களுக்குச் சொன்னது எது? போன்தான்.

ஹாலிவுட்டை உயர்த்திப் பேச இதை எழுதலை. '2012' படத்தில் நியூட்ரினோ பூமியைச் சூடாக்கி உருக்குது. நிஜத்தில் இதைப் படிக்கிற இந்த நொடியில் உங்க உடம்பு வழியா லட்சக்கணக்கான கோடி நியூட்ரினோ போகுது, ஒண்ணும் ஆகலை. 'தி டே ஆஃப்டர் டுமாரோ'வில் பருவநிலை மாற்றம்னு நல்ல விஷயத்தை எடுத்துக்கிட்டு, நாள்கணக்கில் பனியுகத்தைக் கொண்டுவந்து அதைக் கேலிக்கூத்தாக்கினாங்க. அங்கேயும் அதே ஃபார்முலா: விஞ்ஞானி பேச்சை அரசாங்கம் கேட்கணும்னு ஒரு பக்கம், பிரிஞ்ச குடும்பம் சேரணும்னு இன்னொரு பக்கம்.

ரெண்டு பக்கக் கருத்தையும் ஒருத்தர் வெச்சிருக்கிறது தப்புன்னு நான் சொல்ல வரலை. நான் தைப்பூசத்துக்கு அப்பத்தாவோட நடந்து போவேன், சாதி பார்த்துப் பொண்ணு தேடுற பேச்சு வந்தா தாத்தா பக்கம் நின்னு சண்டை போடுவேன். நண்பர்கள் சிலர் என்னை 'கன்ஃபியூஸ்டு'ன்னு கூப்பிடுறாங்க. இருக்கட்டும். பழையதில் எது வேணும், புதுசில் எது வேணும்னு பொறுக்கிக்கிற உரிமை எனக்கு இருக்கு. ஆக்சிஜன் 86-ங்கிறதை மட்டும் தாத்தாவுக்கு 90, அப்பத்தாவுக்கு 82-ன்னு பிரிச்சுக் கொடுக்க முடியாது. நம்ம படங்கள் செய்யிறது அதைத்தான்.

இத்தனைக்கும் அதே சுனாமியில் ஒரு நிஜக் கதை இருக்கு, யாரும் படமா எடுக்கலை. புதுச்சேரியில் நல்லவாடுன்னு ஒரு மீனவ கிராமம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையம் வெச்சிருந்தது. கடல் அலை எவ்வளவு உயரம் வரும்கிற தகவலை அமெரிக்கக் கடற்படையோட இணையதளத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் சொல்வாங்க, மீனவர்கள் கேட்டுட்டுக் கடலுக்குப் போவாங்க. அந்த வேலையில் முன்னாடி பங்கெடுத்த ஊர்க்காரர் ஒருத்தர் சிங்கப்பூரில் இருந்தார். டிசம்பர் 26 காலை, நம்ம நேரம் ஆறரை மணிக்குச் சுமத்ரா பக்கம் கடலடியில் 9.1 அளவில் நிலநடுக்கம், ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு. அலை நம்ம கரைக்கு வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். செய்தியைப் பார்த்த அவர் வீட்டுக்குப் போன் போட்டார். ஊர்க்காரங்க தகவல் மையத்தோட பூட்டின கதவை உடைச்சு, ஒலிபெருக்கியைப் போட்டு, எல்லாரையும் ஓடச் சொன்னாங்க. வீடும் படகும் போச்சு. 3,500 பேருக்கு மேல் இருந்த ஊரில் உயிர் போகலை.

அந்த ரெண்டு மணி நேரம் மத்த எல்லா ஊருக்கும்தான் இருந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை. அதுக்காகவே ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையத்தை 2007 அக்டோபரில் திறந்தாங்க. 'தசாவதாரம்' வர எட்டு மாசம் முன்னாடி. படத்தில் அது கிடையாது.

இந்த தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போனப்போ, திண்ணையில் உட்கார்ந்து நல்லவாடு கதையை வீட்டில் சொன்னேன். எமோஜி இல்லாம, வாயால. தாத்தா, "பார்த்தியா, படிப்புதான் காப்பாத்தியிருக்கு. சாமியா போன் பண்ணுச்சு?"ன்னார். அப்பத்தா, "அந்த நேரத்துல அந்தப் பையனை டிவி முன்னாடி உட்கார வெச்சது யாருங்கிறேன்?"ன்னு விடலை. போன், ஒலிபெருக்கி, ரெண்டு மணி நேரம் மூணையும் ரெண்டு பேரும் மாத்தாமத்தான் பேசினாங்க. நான் குறுக்கே போகலை, காபியைக் குடிச்சேன்.

சித்தப்பா ரொம்ப நேரம் ஒண்ணுமே சொல்லலை. ஒரு தடவை இருமிட்டுக் கேட்டார்: "ஏன்டா கண்ணு, அந்தக் கதவை முதல்ல உடைச்சது யாருடா?"